டொக்டர் பிரியஸ் செயலியும் ஒரு புளூடூத் செருகியும்: பழைய ஹைபிரிட் வாங்கமுன்

யாழ்ப்பாணத்தில் பழைய ஹைபிரிட் கார் விற்பவர்களில் "பற்றரியில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லாத ஒருவரை நான் இன்னும் காணவில்லை. அவர்களில் பலர் பொய் சொல்வதில்லை, சிக்கலே அதுதான். டாஷ்போட்டில் சிவப்பு முக்கோணம் எரியவில்லை, கார் ஓடுகிறது, ஏசி குளிர்கிறது, ஆகவே பற்றரி நல்லது என்று மனதார நம்புகிறார்கள். ஆனால் அந்த விளக்கு எரியும்போது பற்றரி கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கும். அதற்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னரே அது தளரத் தொடங்கியிருக்கும். அந்தத் தளர்ச்சியைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் இரண்டு பொருட்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒன்று, காரின் ஓபிடி துளையில் (கோளாறு பார்க்கும் கருவியைப் பொருத்துகிற இடம்) குத்துகிற மலிவான புளூடூத் செருகி. மற்றது, போனில் போடுகிற டொக்டர் பிரியஸ் என்ற செயலி.

நான் மெக்கானிக் இல்லை. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வீட்டில் ஓடுவது 2010 ஆம் ஆண்டு மூன்றாம் தலைமுறைப் பிரியஸ். அதற்காக வாங்கிய செருகி இப்போது சொந்தக்காரர் எல்லோருக்கும் பொதுச் சொத்து. யாராவது கார் பார்க்கப் போவதென்றால் "ரீச்சரையும் ஏத்திக்கொண்டு போங்கோ" என்று வந்து நிற்கிறார்கள். அதனால் பிரியஸ், அக்குவா என்று பலருடைய கார்களின் உள்ளே எட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

இங்கே இது ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த அதே கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. யப்பானில் சில வருடம் ஓடி, இங்கே வந்து பத்து வருடத்துக்கு மேல் ஓடி, இன்னும் லட்சக்கணக்கில் விலை பேசப்படுகிற ஹைபிரிட்டுகள்தான் சந்தையில் நிற்கின்றன. 2022 இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் அசையாமல் நின்றவையும் இவைதான். அதன்பின் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானபோதும் பல கார்கள் போர்ட்டிக்கோவை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. பிரியஸ் போன்ற கார்களில் இருக்கும் நிக்கல் உலோக ஐதரைட்டு பற்றரிக்குச் சும்மா நிற்பது பிடிக்காது. நிற்கும்போது தானாகவே மின் இழக்கும். எல்லாக் கலமும் ஒரே அளவில் இழந்தால் பரவாயில்லை, ஆனால் ஒன்று கூட, ஒன்று குறைய இழக்கும். அப்படி அவை சமநிலை குலைவதில் இருந்துதான் பல பற்றரிகளின் கதை ஆரம்பிக்கிறது.

செயலி காட்டும் எண்களை வாசிக்க வேண்டுமென்றால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் தலைமுறைப் பிரியசின் பின்சீற்றுக்குப் பின்னால் 28 தட்டை மொடியூல்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொரு மொடியூலிலும் 1.2 வோல்ற் கலங்கள் ஆறு. அதாவது ஒரு மொடியூலுக்கு 7.2 வோல்ற், தொடராக 28 ஐயும் இணைத்தால் 201.6 வோல்ற். (கராஜில் "ஒரு செல் போட்டுது" என்றால் இந்த மொடியூலைத்தான் சொல்கிறார்கள்.) காரின் பற்றரிக் கணினி 28 ஐயும் தனித்தனியாக அளப்பதில்லை. இரண்டு இரண்டாகச் சேர்த்து 14 புளொக்குகளாக அளக்கிறது. செயலியில் தெரியும் 14 கம்பங்கள் அவைதான்.

கொள்ளளவு 6.5 அம்பியர் மணி. வோல்ற்றளவால் பெருக்கினால் ஏறக்குறைய 1.3 கிலோவாற் மணி. இவ்வளவு பெரிய காருக்கு இது மிகச் சின்னக் கையிருப்பு. அதிலும் முழுவதையும் கார் தொடுவதில்லை, பெரும்பாலும் 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையிலேயே வைத்துக்கொள்ளும். திரையில் தெரியும் எட்டுக் கட்டங்களில் இரண்டுக்கு இறங்கிவிட்டது என்றால் பற்றரி வெறுமையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கணினி விட்ட எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி முக்கியமான இடம். விற்பவர் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி வைத்து, செருகியைக் குத்தி, 14 கம்பமும் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு "நல்ல பற்றரி" என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். கராஜ்காரர் சிலரும் அப்படித்தான் பார்த்துத் துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். ஓய்வில் இருக்கும் பற்றரி அநேகமாக எதையும் சொல்லாது. புளொக்குக்கு 15.8, 15.9 வோல்ற் என்று நல்லதும் காட்டும், தளர்ந்ததும் காட்டும். மின்னோட்டம் எடுக்கும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். உயர்தரத்தில் படித்த அகத்தடைதான் இது, கலத்தின் உள்ளேயே இருக்கும் மின்தடை. கலம் பழசாகப் பழசாக அதன் அகத்தடை கூடும். ஓட்டம் பாயாதபோது அந்தத் தடையால் ஒரு இழப்பும் இல்லை. 100 அம்பியர் எடுத்துப் பாருங்கள், 15.8 இல் நின்ற நல்ல புளொக் 13.8 க்கு இறங்கும். இரண்டு வோல்ற் இறக்கத்தை 100 ஆல் பிரித்தால் 0.020 ஓம். பக்கத்தில் இருக்கும் தளர்ந்த புளொக் அதே நொடியில் 13.0 க்கு இறங்கும். அதன் தடை 0.028 ஓம். ஓய்வில் ஒன்றுபோல் நின்ற இரண்டுக்கும் இடையில் இப்போது 0.8 வோல்ற் இடைவெளி.

ஆகவே டொக்டர் பிரியசில் நான் அதிகம் பார்ப்பது ஒரே திரையைத்தான்: 14 புளொக்கின் வோல்ற்றளவு, கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையிலான வித்தியாசம், அந்த நொடியில் பாயும் ஓட்டம். பார்க்கும் முறை இது. வேறு ஒருவர் ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் போனோடு இருப்பேன். (ஓட்டுபவரே போனைப் பார்ப்பதென்றால் தயவுசெய்து இந்தச் சோதனை வேண்டாம்.) ஏசி முழு வேகம். வெறும் வீதியில் கிட்டத்தட்ட நின்ற நிலையில் இருந்து அக்சிலேற்றரை அழுத்தி மூன்று நான்கு செக்கன் இழுக்க வேண்டும். பிறகு பிரேக்கை மெதுவாக நீளமாகப் பிடிக்க வேண்டும். முதலாவதில் பற்றரி மின் கொடுக்கும், இரண்டாவதில் வாங்கும். தளர்ந்த புளொக் கொடுக்கும்போது மற்றவற்றைவிடக் கீழே விழும், வாங்கும்போது மற்றவற்றைவிட மேலே பாயும். ஒரே புளொக் இரண்டு பக்கமும் இப்படித் துள்ளினால் சந்தேகமே இல்லை.

குடாநாட்டின் பிரச்சினை, இங்கே ஏற்றம் இல்லை. கடுகண்ணாவையில் ஏறுகிற கார் தன் பற்றரியை நாள்தோறும் சோதனைக்கு விடுகிறது. நல்லூரில் இருந்து சுண்ணாகத்துக்குப் போய்வருகிற காருக்கு அந்தத் தொல்லையே இல்லை, தளர்ந்த பற்றரியோடும் வருடக்கணக்கில் பிரச்சினை தெரியாமல் ஓடும். அதே காரை வாங்கியவர் குடும்பத்தோடு கண்டிக்குப் போகும்போது, பாதி ஏற்றத்தில் முக்கோணம் எரியும். ஆனபடியால் நான் கேட்கிற முதல் சலுகை விலைக்குறைப்பு இல்லை, ஏ9 இல் கொடிகாமம் தாண்டி ஆனையிறவுப் பக்கம் ஒரு ஓட்டம். மத்தியான வெயிலில். பல விற்பனையாளர் "உவ்வளவு தூரம் ஏன் ரீச்சர்" என்பார்கள். கார் நல்லதென்று நிச்சயமாகத் தெரிந்தவர் பெரும்பாலும் சாவியைத் தந்துவிடுவார்.

எந்த அளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம்? இது என் சொந்தக் கணக்கு, புத்தகக் கணக்கு இல்லை. நல்ல இழுவையில் கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையில் 0.3 வோல்ற்றுக்குள் இருந்தால் நிம்மதியாக மற்ற விடயங்களைப் பார்ப்பேன். அரை வோல்ற் என்றால் பற்றரிக்கு ஒரு தொகை ஒதுக்கி வைத்துக்கொண்டு விலை பேசச் சொல்வேன். ஒரு வோல்ற்றைத் தாண்டினால் வீட்டுக்குப் போகலாம். ஒரு கலம் செத்தாலே புளொக்கில் 1.2 வோல்ற் குறையும். அந்த நிலையில் கணினி பி0ஏ80 என்ற குறியீட்டைப் போட்டு, பற்றரியை மாற்று என்று சொல்லும் நாள் தூரத்தில் இல்லை.

செயலியில் இன்னொரு பெரிய வசதி ஆயுள் சோதனை. பற்றரியை இறக்கி ஏற்றிப் பார்த்து, மிச்சக் கொள்ளளவு இத்தனை சதவீதம் என்று ஒரு எண் தரும். எல்லோருக்கும் பிடித்தது இந்த எண்தான், விளம்பரத்தில் போடலாம் அல்லவா. எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். பிழை செயலியில் இல்லை. கொள்ளளவு என்பது வெப்பநிலையோடும், எந்த நிலையில் இருந்து தொடங்கினோம் என்பதோடும், எவ்வளவு ஓட்டத்தில் இறக்கினோம் என்பதோடும் மாறுகிற அளவு. காலைக் குளிரில் எடுத்த எண்ணையும் வெயிலில் நின்றபின் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஒரே காரில், ஒரே மாதிரியான நேரத்தில், வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, இறங்கும் போக்கைப் பார்ப்பதற்கு இது அருமையான கருவி. முன்பின் தெரியாத காரை வாங்குவதற்கு அந்த ஒற்றை எண் போதாது. "82 சதவீதம்" என்று அச்சடித்த துண்டை யாராவது நீட்டினால் எத்தனை பாகையில், எவ்வளவு ஓட்டத்தில் என்று கேளுங்கள். பதில் வராது.

செருகியே இல்லாமலும் செய்யக்கூடிய கொள்ளளவுச் சோதனை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. காரை ரெடி நிலையில், பி கியரில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். எஞ்சின் சூடாகித் தானாக நிற்கட்டும். ஏசியை முழுவதும் கூட்டிவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். பிரியசின் ஏசி பற்றரி மின்னில் ஓடுவது, எஞ்சின் வாரில் இல்லை. ஆறு கட்டத்தில் தொடங்கினால், ஏசியும் மற்றதும் சேர்ந்து ஒரு கிலோவாற் இழுக்கிறது என்று வைத்தால், 60 சதவீதத்தில் இருந்து 40 க்கு இறங்க 0.26 கிலோவாற் மணி செலவாக வேண்டும். அது கால்மணி நேரம். பழசான பற்றரி அதைப் பத்து நிமிடத்தில் இறக்கலாம், கோபிக்க மாட்டேன். மூன்று நிமிடத்தில் எஞ்சின் உறுமிக்கொண்டு எழும்பினால், பிறகு இரண்டு மூன்று நிமிடத்தில் ஏழு கட்டமும் நிரம்பி எஞ்சின் நின்றால், உள்ளே இருப்பது பேருக்குத்தான் 6.5 அம்பியர் மணி. சீக்கிரம் நிரம்புவதைப் பார்த்து "நல்லாச் சார்ஜ் ஏறுது" என்று விற்பவர் பெருமைப்படுவார். குடத்துக்குப் பதில் குவளை இருந்தால் சீக்கிரம் நிரம்பத்தான் செய்யும்.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு கார் பார்க்கப் போனோம். நாங்கள் போய் இறங்கும்போதே எஞ்சின் சூடு, திரையில் ஏழு கட்டம். புளொக் வித்தியாசமும் பெரிதாக இல்லை, ஆனால் சுற்றிவர வீட்டு ஒழுங்கைதான், இழுத்துப் பார்க்க இடமில்லை. அதே செருகியோடு டோர்க் என்ற பொதுவான ஓபிடி செயலியைத் திறந்தேன். அதில் "பிழைக் குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்" என்று ஓர் அளவு இருக்கிறது. காரின் கணினியே வைத்திருக்கிற கணக்கு அது. காட்டியது ஒன்பது கிலோமீற்றர். அதாவது எரிந்த விளக்கை அணைக்க யாரோ அண்மையில் குறியீட்டை அழித்திருக்கலாம். ஸ்கானரே பிடிக்காத கார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "சேர்விசுக்கு விட்ட இடத்தில ஏதும் செய்திருப்பாங்கள் தங்கச்சி" என்றார். இருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிற எல்லோரும், பற்றரிக்கு முன்னமே, முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்பேன். ஹைபிரிட்டுக்கு மட்டுமில்லை, எந்தக் காருக்கும். பன்னிரண்டு வோல்ற் பற்றரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் இந்தக் கணக்குப் பூச்சியத்துக்குப் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண் சின்னனாக இருந்தால் குற்றம் உறுதி என்றில்லை, கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

கிலோமீற்றரை வைத்துப் பற்றரியை மதிப்பது இங்கே பெரிய மூடநம்பிக்கை. கனடாவில் இருக்கும் ஒருவர் வந்து நிற்கும் நாட்களில் மட்டும் ஓடிய பிரியஸ் ஒன்றைப் பார்த்தோம். வெளிப்பூச்சு மினுங்குகிறது, சீற்றுகளில் பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றவில்லை, மீற்றரில் சின்ன எண். இழுத்த உடன் நடுவில் இருந்த மூன்று புளொக்குகள் ஒன்றரை வோல்ற் கீழே. மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றதன் விலை. அதற்குப் பிறகு கொக்குவிலில் பார்த்தது கொழும்பில் நாள்தோறும் வாடகைக்கு ஓடி வந்தது, 2 லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியது, ஸ்ரியரிங்கின் தோல் உரிந்துபோயிருந்தது. அதன் 14 புளொக்கும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறின. தினமும் ஓடி, தினமும் ஏசி போட்டு, பின்சீற்று எப்போதும் குளிர்ந்திருந்த கார். மச்சான் அதைத்தான் வாங்கினார். மச்சாளுக்கு இன்னும் அந்தத் தோல் உரிந்த ஸ்ரியரிங்கைக் கண்டால் கோபம்.

பின்சீற்றுக் குளிருக்கும் பற்றரிக்கும் என்ன தொடர்பு என்றால், பிரியஸ் தன் பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்றால்தான். பின்சீற்றின் பக்கவாட்டில் கம்பிவலை மாதிரி ஒரு சாளரம் இருக்கும், உள்ளே ஒரு விசிறி. அந்த வழியை அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையும் தலையணையும் கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துடிக்கும். எங்கள் ஊர்ப் புழுதி விசிறியின் இதழ்களில் அப்பிக்கொள்ளும், நாய்மயிர் இருந்தால் இன்னும் மோசம். டொக்டர் பிரியஸ் பற்றரியின் வெப்பநிலையையும் காட்டுவதால், அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு மூன்று உணரிகளின் அளவையும் பார்த்துவிடுவேன். காருக்குள் 28 பாகை இருக்கும்போது பற்றரி 45 ஐத் தாண்டி நின்றால், ஒன்று காற்றுவழி அடைபட்டிருக்கிறது அல்லது அகத்தடை கூடியிருக்கிறது. முதலாவது தூசி துடைக்கிற வேலை. நடுவில் இருக்கும் மொடியூல்கள் பக்கத்தில் உள்ளவற்றின் சூட்டையும் வாங்குவதால் அவைதான் முதலில் தளரும். கனடாக்காரரின் காரிலும் நடுவில்தான் விழுந்திருந்தது.

ஒற்றைப் புளொக் மட்டும் தனியாகத் திமிறினால் உடனே கலம் செத்தது என்று முடிவுகட்டவும் கூடாது. மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் எங்கள் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். அளவு எடுக்கும் மெல்லிய கம்பியின் முனை அரித்திருந்தால் அதற்கு ஒரு விசேஷ அடையாளம் உண்டு. அடுத்தடுத்த இரண்டு புளொக்குகளுக்கு இடையில் உள்ள முனை இரண்டுக்கும் பொது. ஆகவே ஒன்று எவ்வளவு குறைத்துக் காட்டுகிறதோ பக்கத்தது அவ்வளவு கூட்டிக் காட்டும். ஏழாவது 0.4 குறைய, எட்டாவது 0.4 கூட என்று கண்டால், இரண்டின் கூட்டுத்தொகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியென்றால் சுத்தப்படுத்துகிற வேலையாகவே முடியலாம். ஆனால் அதை நீங்களே செய்யப் போகாதீர்கள். செம்மஞ்சள் கேபிளுக்குப் பின்னால் இருப்பது 200 வோல்ற் நேரோட்டம். தெரிந்த கையிடம் கொடுங்கள்.

"பற்றரி செய்தது" என்று விற்கிற கார்களையும் செயலி காட்டிக்கொடுக்கும். இங்கே பற்றரி செய்வது என்றால் பெரும்பாலும் செத்த மொடியூலைக் கழற்றி, உடைத்த இன்னொரு பற்றரியில் இருந்து ஒன்றை எடுத்துப் போடுவது. ஓய்வில் அழகாக நிற்கும். இழுத்தால், புதிதாகப் போட்டது மற்றவற்றைவிட உயரத்தில் நிற்கும் அல்லது வேறு தாளத்தில் ஆடும். மாற்றியது ஒன்று, மற்ற 27 உம் அதே வயதுதான். இந்த மாதிரிப் பற்றரிக்கு முழுப் பற்றரியின் விலையைச் சேர்த்துக் கேட்பவர்களிடம் அந்தத் திரையை அப்படியே காட்டுவேன். வாய்ச்சண்டை இல்லாமல் விலை இறங்கியதுண்டு.

இனிக் குறைகள். செயலியைவிடச் செருகியில்தான் தலையிடி. உலகம் முழுவதும் விற்கிற மலிவுச் செருகிகள் ஈஎல்எம் 327 என்ற சிப்பின் நகல்கள். மேலே அச்சடித்த பதிப்பு எண்ணை நம்ப முடியாது. சில நகல்களில் பாதிக் கட்டளைகளே இல்லை. பேச்சுக்கு இணையும், வேகத்தைக் காட்டும், பற்றரிப் புளொக் பக்கத்துக்குப் போனால் வெறும் கோடுகள். நான் முதலில் வாங்கியது அந்த இனம், கடையில் திருப்பி எடுக்கவும் இல்லை. இப்போது வைத்திருப்பது அதைவிட மூன்று மடங்கு விலை, ஆனால் எண்கள் செக்கனுக்குச் செக்கன் ஓடுகின்றன. வேகம் முக்கியம். நான்கு செக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற செருகியில், மூன்று செக்கன் இழுவையில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? வாங்கும்போது உங்கள் காரிலேயே குத்தி, 14 புளொக்கும் ஓட்டமும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றுங்கள். குத்தியபடி விட்டால் நாள்கணக்கில் நிற்கும் காரின் பன்னிரண்டு வோல்ற் பற்றரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.

அந்தப் பன்னிரண்டு வோல்ற் பற்றரி தனிக் கதை. பிரியசில் அது பின்பெட்டிக்குள் இருக்கிறது, பலருக்கு இருப்பதே தெரியாது. அது தளர்ந்தால் டாஷ்போட்டில் கோயில் திருவிழா மாதிரி எல்லா விளக்கும் எரியும். ஹைபிரிட் பற்றரி போய்விட்டது என்று பயந்து பெருந்தொகை பேசியவர்களை எனக்குத் தெரியும். முதலில் சாதாரண மல்ரிமீற்றரை வைத்து அதை அளந்து பாருங்கள்.

செயலி எண்களைக் கொட்டும், விளக்கம் குறைவு. எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரியாதவருக்கு முதல் நாள் தலை சுற்றும். இலவசமாகவே பலதைப் பார்க்கலாம், சில வசதிகளுக்குக் காசு. ஒரு காரைக் கைவிட்டு வந்ததிலேயே அந்தக் காசு வந்துவிடும். நான் இதைப் பயன்படுத்தியது ரொயோட்டாக்களில் மட்டும். அக்குவாவில் 20 மொடியூல், 144 வோல்ற், பின்சீற்றுக்கு அடியில், மற்றபடி வாசிக்கும் முறை இதேதான். ஹொண்டா ஃபிற் ஜிபி5, வெசெல் எல்லாம் லிதியம் பற்றரி, அதன் வோல்ற்றளவுகளும் எல்லைகளும் வேறு. நான் மேலே சொன்ன கணக்கை அங்கே கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

பற்றரி நல்லது என்று வந்தாலும் மூன்றாம் தலைமுறைப் பிரியசில் எஞ்சினின் ஈஜிஆர் பாதை (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடுகிற வழி) கரி பிடிப்பதும், கவனிக்காமல் விட்டால் ஹெட் காஸ்கெற் போவதும் உள்ள வருத்தம். காலையில் முதல் ஸ்ராட்டில் எஞ்சின் உதறுகிறதா, கூலன்ற் குறைகிறதா என்று பாருங்கள். அதற்கு இந்தச் செயலி உதவாது, நல்ல மெக்கானிக் ஒருவரின் காது உதவும்.

என் காரில் இப்போது ஒன்பதாவது புளொக் இழுவையில் 0.4 குறைந்து நிற்கிறது. போன வருடம் 0.3. விசிறியைக் கழற்றித் துடைத்தாயிற்று, தகடுகளும் சுத்தம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் மொடியூல் விலை விசாரித்து வைத்திருக்கிறேன், ஆனால் ஒன்றை மட்டும் மாற்றப் போவதில்லை. 0.7 தாண்டும்போது முழுப் பற்றரியாகவே மாற்றுவது என்று வீட்டில் பேசியிருக்கிறோம், அதற்குச் சீட்டும் பிடிக்கிறோம்.

மதிப்பெண்: செயலிக்கு ஐந்தில் நான்கரை, செருகிக்கு மூன்று. ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய வகைப் புளூடூத் செருகிகள் ஐபோனோடு சேராது, பெட்டியில் புளூடூத் 4.0 அல்லது வைஃபை என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும். அன்ட்ரொயிட் என்றால் இந்தக் கட்டுப்பாடு இல்லை, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றே போதும்.